டில்லியின் சரத் காலமும் நம் குழந்தைகளும்

(சங்கத்தின் டில்லிக் கிளை நடத்திய நவராத்திரி குடும்ப சந்திப்பில், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



"முதியோர் ஆரோக்கியம்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் நாம் தினமும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் அவருடைய அனுமதி பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். இந்த ஊரில் இப்போது நடக்கும் சரத் காலத்தைப் பற்றியும், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பவர்கள் அதை என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் இருபது நிமிஷம் பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வேடிக்கை. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தாள். ஆட்டம் என்று மேலே அச்சிட்டு, ஐந்து கூராக விரிந்த ஓர் இலையைப் போட்டு, ஆரஞ்சு வர்ணம் தீட்டச் சொல்லியிருந்தார்கள். அது மேப்பிள் இலை. "தாத்தா, இந்த மரம் நம்ம தெருவில் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். நான் தாவரவியல் பட்டதாரி, ஆகவே தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவளையும் அழைத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். வேம்பு பச்சை, அரசு பச்சை, நாவல் பச்சை. ஒன்றும் பழுக்கவில்லை. டில்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, வெயில் ஏறும்போதுதான். இலைகள் சிவந்து உதிர்வதை அக்டோபர் கடைசியில் பார்க்க வேண்டுமானால் காஷ்மீரத்துச் சினார் மரங்களிடம்தான் போக வேண்டும். இலையுதிர் காலம் என்று நாம் தமிழில் எழுதும் சொல்லும் இந்த ஊருக்குப் பொருந்தாது.

இங்கே உதிர்வது பூ. பவழமல்லியைத்தான் சொல்கிறேன். வடக்கே ஹர்சிங்கார் என்பார்கள், வங்காளத்தில் சியூலி. சாயங்காலம் விரிந்து, இரவெல்லாம் மணத்து, விடிவதற்குள் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். தரையிலிருந்து பொறுக்கிப் பூஜைக்கு வைக்கலாம் என்று நம் வீடுகளில் விதிவிலக்கு தந்திருக்கும் பூ இது. மூன்று வயசுக் குழந்தைக்கு இதைவிட வசதியான பூ கிடையாது. கிளையை வளைக்க வேண்டாம், முள் குத்தாது, குனிந்தால் போதும். ஐந்து இதழ் முதல் எட்டு இதழ் வரை வரும். எண்ணச் சொன்னால் பெரியவள் எண்ணுவாள். சின்னவன் எந்தப் பூவைக் கொடுத்தாலும் "ஆறு" என்பான். அந்த ஆரஞ்சுக் காம்புகளைக் கிள்ளி வெதுவெதுப்பான நீரில் போட்டால் நீர் மஞ்சளாகும். பழைய காலத்தில் பட்டுக்குச் சாயம் போட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு கைக்குட்டையை நனைத்துக் கொடுங்கள், அன்று முழுவதும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள்.

இரவில் வேறொரு மணம். ஏழிலைப்பாலை. சாலையோரங்களில் நிறைய நட்டிருக்கிறார்கள், அக்டோபரில் ஊரே மணக்கும். சப்தபர்ணி என்று பெயர் இருந்தாலும் ஒரு அடுக்கில் நாலு, ஐந்து, ஆறு இலைகளும் இருக்கும். பெயரை நம்பாமல் எண்ணிப் பார்க்கக் குழந்தைக்குக் கற்றுக் கொடுக்க நல்ல மரம். இதன் தாவரப் பெயரில் "ஸ்காலரிஸ்" என்று வருகிறது. மாணவர்கள் எழுதும் பலகைகள் இதன் மரத்தில் செய்யப்பட்டதால் வந்த பெயர். சாந்திநிகேதனில் பட்டமளிப்பு விழாவில் இதன் இலைகளைத் தரும் வழக்கம் உண்டு. ஆனால் ஒன்று: கிளை ஒடித்தால் பால் வரும், குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது. இதன் மணம் சிலருக்குத் தலைவலி தரும். வீசிங் உள்ள குழந்தையை அந்த மரத்தடியில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

வீசிங் என்ற வார்த்தை வந்துவிட்டது. அதற்குப் போகுமுன் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன்.

வானிலைத் துறை 2020-ல் திருத்திய அட்டவணைப்படி, தென்மேற்குப் பருவமழை டில்லியை விட்டு விலகும் சராசரித் தேதி செப்டம்பர் 25. மழை தூசியைக் கழுவிவிட்டுப் போகிறது. வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வருகிறது. காற்றில் ஈரம் குறைய, வானம் ஆழ்ந்த நீலமாகிறது. காளிதாசன் ருது சம்ஹாரத்தில் மூன்றாவது சர்க்கத்தை இந்தப் பருவத்துக்கே கொடுத்திருக்கிறான். வால்மீகியும் கிஷ்கிந்தா காண்டத்தில், மழை நின்றும் சுக்ரீவன் வரவில்லையே என்று ராமர் தவிக்கும் இடத்தில் சரத் காலத்தை விரிவாக வர்ணிக்கிறார். அக்டோபர் மாதத்தில் பகல் வெப்பம் சுமார் 33 டிகிரி, விடியற்காலையில் 19, 20. விசிறியும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். சூரியன் மாத ஆரம்பத்தில் சுமார் 6.05-க்கு மறைகிறான், கடைசியில் 5.37-க்கே போய்விடுகிறான்.

பிறகு என்ன ஆகிறது என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். காற்றின் வேகம் குறைகிறது. குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட, மேலே ஒரு மூடி போட்டாற்போல் ஆகிறது. வண்டிப் புகை, தூசி, பட்டாசு எல்லாம் உள்ளேயே நிற்கிறது. இதோடு பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாளின் புகையும் சேர்கிறது. வேளாண்மை சம்பந்தமான இலாகாவில் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை: விவசாயியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்ற 2009-ல் இரு மாநிலங்களும் சட்டம் போட்டு, நாற்று நடுவதை ஜூனுக்குத் தள்ளின. அறுவடையும் தள்ளிப் போயிற்று. கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரம்தான் மிச்சம். இயந்திரம் அறுத்துவிட்டுப் போன தாளை அதற்குள் அப்புறப்படுத்தத் தீக்குச்சிதான் மலிவு. நல்ல நோக்கத்தில் போட்ட சட்டம், புகையைக் காற்றில்லாத நாட்களுக்குக் கொண்டுவந்து விட்டது. 2019, 2021, 2023, 2024 ஆகிய வருஷங்களில் நவம்பரில் இங்கே பள்ளிகளை மூடவோ, வீட்டிலிருந்தே பாடம் நடத்தவோ வேண்டியதாயிற்று.

ஆக, மழை விட்டதிலிருந்து புகை வரும் வரை, தாராளமாகக் கணக்குப் போட்டாலும் நாலு, ஐந்து வாரம். சின்னக் குழந்தை டில்லியில் தடையில்லாமல் வெளியே விளையாட வருஷத்தில் கிடைக்கும் நல்ல காலம் இது. பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு துண்டு உண்டு, அப்போது பரீட்சை வந்துவிடும்.

நான் 1973-ல் இந்த ஊருக்கு வந்தபோது இந்தப் பருவம் தீபாவளியைத் தாண்டி நீளும். மத்திய செக்ரடேரியட் புல்வெளிகளில் மதிய இடைவேளையில் பெண் ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். என் அகத்துக்காரி அவர்களிடம்தான் கற்றுக்கொண்டாள். கும்பகோணத்தில் கம்பளி நூலையே பார்த்திராதவள், இரண்டே வருஷத்தில் எங்கள் பிள்ளைக்கு யானை போட்ட ஸ்வெட்டர் பின்னினாள். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு பஞ்சடிக்கிறவர் தெருவில் டொய்ங் டொய்ங்கென்று வருவார். பழைய ரஜாயைப் பிரித்துப் போட்டால் பஞ்சு மலைபோல் எழும்பும், குவார்ட்டர்ஸ் குழந்தைகள் அத்தனை பேரும் அதைச் சுற்றி நிற்பார்கள். நாங்கள் இருந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் இப்போது இடிக்கப்பட்டுவிட்டது. ஸ்வெட்டர் இருக்கிறது. இந்த வருஷம் பேரனுக்கு அளவு சரியாக இருக்கும்.

இப்போது சொந்த விஷயம். பேரனுக்கு மூன்றரை வயது. போன நவம்பரில் பதினோரு ராத்திரி நெபுலைசர் வைத்தோம். குழந்தைகள் டாக்டர், "முடிந்தால் குளிர்காலத்தில் இந்த ஊரை விட்டுவிடுங்கள்" என்றார். பிள்ளை ஆபீசில் பெங்களூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டான். அரையாண்டு விடுமுறை ஆரம்பித்ததும் கிளம்புகிறார்கள். எங்களையும் வரச் சொல்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஊர், அகத்துக்காரிக்குக் கண் ஆபரேஷன் பாக்கி, இன்னும் தீர்மானிக்கவில்லை. எப்படியும் இரண்டு குழந்தைகளும் எங்களோடு டில்லியில் இருக்கும் கடைசி சரத் காலம் இது.

"குழந்தைப் பருவம் திரும்ப வராது, ஒவ்வொரு நிமிஷத்தையும் அனுபவியுங்கள்" என்று இளம் தாயார்களுக்கு உபதேசம் செய்வது நம் தலைமுறைக்கு வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்தலாம் என்பது என் அபிப்பிராயம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டு, காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு டிபன் டப்பா கட்டி, ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண்ணிடம் போய் அனுபவி என்றால் எதை அனுபவிப்பாள்? என் மாட்டுப்பெண் ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள்: "அப்பா, காலம்பற ஒரு அரை மணி நீங்க ரெண்டு பேரையும் அழைச்சுண்டு போனேள்னா, அதுவே எனக்குப் பெரிய ஒத்தாசை." நேரம் இருப்பது நம்மிடம். அவர்கள் ரசிக்க வேண்டுமானால் அவர்கள் கையில் இருக்கும் சுமையில் ஏதாவது ஒன்றை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதன்படி இப்போது தினமும் காலை 6.15-க்குப் பல் தேய்த்த கையோடு மூவரும் காலனி பார்க்குக்குப் போகிறோம். பள்ளி வண்டி 7.20-க்கு. பூ பொறுக்குகிறோம். வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிக் குருவி வந்துவிட்டதா என்று பார்க்கிறோம். இமயமலைப் பக்கமிருந்து இந்தச் சமயத்தில்தான் இறங்கி வரும். வேறு ஒன்றும் செய்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு புகைப்படம் என்று நிபந்தனை, அதையும் பேத்திதான் எடுப்பாள். பெரும்பாலும் என் செருப்பு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சமையலைப் பார்த்துக்கொள்கிறோம், பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் குழந்தைகளோடு போகிறார்கள். முதல் ஞாயிறு அவள் பார்க் பெஞ்சிலேயே தூங்கிவிட்டாளாம். நல்லதுதானே.

ஒரு நண்பர் கேட்டார்: "மூன்றரை வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கப் போகிறதா?" நியாயமான கேள்வி. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய சம்பவங்கள் பெரியவர்களான பிறகு அநேகமாக யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பேத்திக்குக் கொஞ்சம் நிற்கலாம், அவனுக்குச் சந்தேகமே. ஆனால் ஆறு வயதுக்குள் மூளை, பெரியவர்கள் மூளையின் அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஞாபகமாக நிற்காதவையும் அதன் கட்டுமானத்தில் சேர்கின்றன. தவிர, மணத்துக்கு ஒரு தனி வழி உண்டு. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையின் நடுவே ஒரு நிலையத்தில் இறங்கி ஏறிப் போகும்போது, மணம் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேரடியாகவே போகிறது. மணத்தால் கிளம்பும் நினைவுகளில் பெரும்பாலானவை பத்து வயதுக்கு உட்பட்டவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. இருபது வருஷம் கழித்து பெங்களூரில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் பவழமல்லி வாசனை வந்தால், காரணம் தெரியாமல் அவன் ஒரு நிமிஷம் நிற்கலாம். நிற்காமலும் போகலாம். இன்று காலை அவனுக்குக் கை கொள்ளாமல் பூ கிடைத்தது, அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு: உங்கள் ஊரில் இந்த மாதம் வேறு விதமாக இருக்கும். கொல்கத்தாவில் நாணல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மும்பையில் அக்டோபர் வெயில் வாட்டும், சாயங்காலம் கடற்கரைதான் தோது. சென்னையில் அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பம், காகிதக் கப்பலுக்கு ஏற்ற காலம். ஊருக்கு ஊர் ஒரு நல்ல மூன்று, நான்கு வாரம் இருக்கும், எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. வரும் ஞாயிறு காலை ஆறேகால் மணிக்குப் பேரக்குழந்தைகளோடு எங்கள் காலனி பார்க்குக்கு வர விருப்பமுள்ள தாத்தா பாட்டிமார் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒரு சின்ன டப்பா கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் பூ வெந்துவிடும். காப்பி எங்கள் ஆத்தில். அப்பா அம்மாமார் வர வேண்டிய அவசியமில்லை, தூங்கட்டும்.