கணினியின் துயிலும் விழிப்பும்



துயில் என்பது உயிர்களுக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இன்றோ நம் மேசைமேல் இருக்கும் இயந்திரமும் துயில்கின்றது. துயில்வது மட்டுமன்று, அத்துயிலில் அதற்குக் கோளாறுகளும் உண்டு. சில வேளைகளில் எத்துணை வற்புறுத்தினும் அது உறங்க மறுக்கின்றது. சில வேளைகளில் நள்ளிரவில் யாரும் தொடாமலே விழித்துக்கொள்கின்றது. இன்னும் சில வேளைகளில், காலையில் எழுப்பினால் எழாமல் கருந்திரை காட்டிக் கிடக்கின்றது. இக்கோளாறுகள் பெரும்பாலும் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாளே தோன்றுவதுதான் வியப்பு. நேற்றுவரை ஒழுங்காக உறங்கி எழுந்த கணினிக்கு ஓரிரவில் என்ன நேர்ந்தது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைச் சிறு செய்தி என்று தள்ளிவிட இயலாது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அதனையொட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்கு மாற நேர்ந்தது. அவிநாசி வட்டாரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்கறையை எண்ணிப் பாருங்கள். லாரி வாயிலில் நிற்கின்றது. சரக்கு ஏறிவிட்டது. இ-வே பில் எடுத்தால்தான் வண்டி நகரும். முதல்நாள் மாலையில் பாதி தட்டச்சிட்ட பட்டியல் திரையில் இருந்தபடியே கணினியை உறங்கவிட்டுப் போன கணக்குப்பிள்ளை, காலையில் வந்து பொத்தானைத் தொடுகின்றார், திரை விழிக்கவில்லை. பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் பட்டியல் போயிற்று. காத்திருந்தால் நேரம் போயிற்று.

இந்நிலையில் செய்யத்தக்கது இன்னதென்று அறிவதற்கு முன், கணினியின் துயில் எத்தகையது என்று அறிதல் வேண்டும்.

கணினிக்கு இருவகை இருப்பிடங்கள் உண்டு. ஒன்று நினைவகம், மற்றொன்று சேமிப்பு வட்டு. நாம் செய்துகொண்டிருக்கும் வேலை நினைவகத்தில் இருக்கின்றது. அது விரைவானது, ஆனால் மின்சாரம் நின்ற கணமே அனைத்தையும் மறந்துவிடும். வட்டு மெதுவானது, மின்சாரம் இல்லாவிடினும் மறவாது. ஸ்லீப் என்று நாம் வழங்கும் துயிலில் மற்ற உறுப்புகளெல்லாம் அடங்க, நினைவகத்துக்கு மட்டும் மெல்லிய மின்னோட்டம் தொடர்கின்றது. கணக்குப்புத்தகத்தை விரித்தபடியே வைத்து, விளக்குத் திரியை மட்டும் தாழ்த்திவிட்டுப் படுப்பதைப் போன்றது இது. ஹைபர்னேட் என்னும் ஆழ்துயிலிலோ, நினைவகத்தில் உள்ளதனைத்தும் வட்டில் எழுதப்பட்டுப் பின் மின்சாரம் நிறுத்தப்படுகின்றது. இது புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு விளக்கை அணைப்பதாகும். முன்னதில் எழுவது நொடிப்பொழுது; ஆனால் இடையில் மின்வெட்டு வந்தால் அனைத்தும் அழியும். பின்னதில் எழச் சற்று நேரமாகும், அழிவு இல்லை. 2012-இல் கொங்குநாடு பட்ட மின்வெட்டை மறவாதவர்களுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

துயிலும் கணினியில் உறங்காத உறுப்பு ஒன்றும் உண்டு. அது கடிகாரம். நாணயத்தை ஒத்த சிறு மின்கலம் ஒன்றின் உதவியால், மின்சாரம் முற்றும் நின்றபோதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அவிநாசித் தலத்தின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயர் கொண்ட அவ்வூரில், முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டபோது, அவன் விழுங்கப்பட்ட நாளின் வயதோடு வரவில்லை. இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பது வரலாறு. கணினியும் அவ்வாறே. நினைவு நின்ற இடத்தில் நிற்க, நேரம் மட்டும் கழிந்த அளவுக்குக் கழிந்திருக்கும். இக்கடிகாரத்தைப் பற்றி இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ‘இத்தனை மணிக்கு என்னை எழுப்பு’ என்று மென்பொருள்கள் கட்டளையிட்டு வைப்பது இக்கடிகாரத்திடமே. நள்ளிரவில் கணினி தானே விழிப்பதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

இனி, புதுப்பித்தலால் துயில் கெடுவது எங்ஙனம் என்று காண்போம். 1992-இல் இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் வகுத்த பழைய முறையில், துயிலை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலிடமே இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற புதிய நெறியை வெளியிட்டன. அதன்படி அதிகாரம் இயங்குதளத்தின் கைக்கு மாறியது. பயாஸ் ‘இவ்வீட்டில் இன்னின்னார் இருக்கின்றனர், இன்னின்னாரை இவ்வாறு உறங்க வைக்கலாம்’ என்ற அட்டவணையைத் தரும். இயங்குதளம் அதனைப் படித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய டிரைவர் என்னும் சிறு நிரலிடம் ‘உறங்கு’ என்று ஆணையிடும்.

பெருங்குடும்பம் ஒன்றில் இரவு படுக்குமுன் வீட்டுப் பெரியவர், ‘எல்லாரும் படுத்தாயிற்றா?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டபின் தலைவாசலைத் தாழிடுவார் அல்லவா? அதுபோன்றதே இது. ஒருவர் விடை கூறாவிட்டாலும் கதவைத் தாழிட இயலாது. காலையில் எழுப்பும்போதும் ஒருவர் எழாவிட்டால் வீட்டு வேலை நின்றுபோகும். இயங்குதளத்தைப் புதுப்பித்தல் என்பது பெரியவரின் பேச்சுமுறை மாறுவதாகும். பயாஸ் பழையது, சில டிரைவர்கள் பழையன, பெரியவர் மட்டும் புதியவர். ஆகவே குற்றம் எவர்மேலும் இல்லாமலே குழப்பம் நேர்கின்றது. சில வேளைகளில் குற்றம் புதியவர்மேலேயே இருப்பதும் உண்டு.

இதற்கு மெய்யான சான்றுகள் இரண்டு கூறுவேன். 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, பழைய விண்டோஸ் வைத்திருந்தோர் ஓராண்டுக்குள் கட்டணமின்றி அதற்கு மாறலாம் என்று அறிவிக்கப்பட்டது. மாறியவர்களுள் சிலருடைய மடிக்கணினிகள் உறங்கவும் மாட்டாமல், முழுதும் அணையவும் மாட்டாமல் தவித்தன. திரை கறுக்கும், விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்ஜின் என்ற பகுதிக்குரிய டிரைவரின் புதிய பதிப்பை நீக்கிப் பழைய பதிப்பை இட்டவுடன் அவற்றுள் பல நலமடைந்தன. புதியதே சிறந்தது என்ற எண்ணம் டிரைவர்களின் திறத்தில் எப்போதும் பொருந்துவதன்று.

மற்றொன்று அண்மையது. 2026 ஜனவரி 13-இல் வந்த பாதுகாப்புப் புதுப்பித்தலுக்குப் பின், விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பில் செக்யூர் லாஞ்ச் என்ற காவல் ஏற்பாடு கொண்ட சில கணினிகள், அணைக்கச் சொன்னாலும் ஆழ்துயில் கொள்ளச் சொன்னாலும் அவ்வாறு செய்யாமல் மீண்டும் தொடங்கின. நான்கு நாளில், ஜனவரி 17 அன்று, மைக்ரோசாப்ட் அதற்குத் தனியே திருத்தம் வெளியிட்டது. அந்நாட்களில் தம் கணினியைப் பிரித்துப் பார்த்தவர்களின் உழைப்பு வீணேயாம்.

கோளாறு நேர்ந்தால் முதலில் செய்யத்தக்கது மிக எளியது. கணினியை ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ செய்க. ‘நாள்தோறும் மாலையில் அணைத்துத்தானே வைக்கின்றோம்’ என்பீர்கள். அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கின்றது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு வந்தது. அது செயல்படும் கணினியில் ‘ஷட் டவுன்’ செய்தால், இயங்குதளத்தின் உட்பகுதி ஆழ்துயில்தான் கொள்கின்றது. மறுநாள் அதே நிலையில் எழுகின்றது. ஆதலின் நேற்றுப் பிணக்குற்ற டிரைவர் இன்றும் பிணக்கோடே எழுகின்றது. ரீஸ்டார்ட் செய்தால்தான் யாவும் புதிதாகத் தொடங்கும். அணைத்தல் அணைத்தல் அன்று, மறுதொடக்கமே மெய்யான அணைத்தல் என்ற இவ்விந்தைப் பெயரீட்டை யார் மனமுவந்து செய்தார்களோ!

இதே ஏற்பாடு நம் மாணவர்க்கு மற்றொரு வகையில் இடர் தரக்கூடியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன. இவ்வாறு இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில், பின்னர்ப் புதிய விண்டோஸை ஏற்றி, அதனை ‘ஷட் டவுன்’ செய்துவிட்டு லினக்ஸைத் திறந்தால், விண்டோஸின் வட்டுப்பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கும். ‘உரியவர் உறங்குகின்றார், அவர் பொருளைத் தொடேன்’ என்ற நேர்மையே அது. கண்ட்ரோல் பேனலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நீக்கிவிட்டால் இவ்விடர் தீரும்.

கணினி தானே விழிக்கின்றதா? அதனையே கேட்டறியலாம். கமாண்ட் பிராம்ட் என்னும் கட்டளைத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, ‘லாஸ்ட்வேக்’ என்று எழுதுக. கடைசியாக எழுப்பியது எது என்று அது கூறும். கடைச்சொல்லை ‘வேக்டைமர்ஸ்’ என்று மாற்றினால், இனி எழுப்பக் காத்திருக்கும் நேரக்கட்டளைகள் தெரியும். ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்று மாற்றினால், உறங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது எதுவென்று தெரியும். எழுப்பியது மவுஸ் என்று விடை வந்தால் வியக்க வேண்டா. விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய அறையில், தறியின் அதிர்ச்சியால் மேசை அசைந்தாலே மவுஸ் தான் நகர்த்தப்பட்டதாகக் கருதக்கூடும். டிவைஸ் மேனேஜரில் அதற்குரிய எழுப்பும் உரிமையை நீக்கிவிடலாம். விசைப்பலகைக்கு மட்டும் அவ்வுரிமை இருந்தால் போதும்.

எழ மறுக்கும் கணினியே மிகவும் அஞ்சத்தக்கது. அங்கும் பதற்றம் வேண்டா. கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது. திரை மட்டும் விழிக்கவில்லை என்பது பொருள். அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்று விசைகளோடு ‘பி’ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், திரைக்குரிய டிரைவர் மீண்டும் தொடங்கும். பல வேளைகளில் பாதி எழுதிய பட்டியல் பழுதின்றித் திரும்ப வந்துவிடும். விளக்கும் அசையவில்லையெனின், சில நிமிடம் பொறுத்திருந்து, பிறகே மின்பொத்தானை நீள அழுத்தி அணைக்க வேண்டும். திரை டிரைவர்தான் காரணம் என்று தெளிவானால், டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற வசதியால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இயங்குதளத்தின் பெரும்பதிப்பையே மாற்றியிருந்தால், பொதுவாகப் பத்து நாள்களுக்குள் முந்தைய பதிப்புக்குத் திரும்ப இடமுண்டு.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய துயில் இல்லவே இல்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற அரைத்துயில்தான் உண்டு. கைப்பேசியைப் போல், உறங்குகையிலும் அஞ்சல் பார்த்து, புதுப்பித்தலை இறக்கிக்கொண்டிருக்கும். பையிலிட்டு எடுத்துச் சென்ற கணினி கோவை சேர்வதற்குள் சூடேறி மின்கலம் தீர்ந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையோடு ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்தால் உங்கள் கணினிக்கு எத்துயில் வாய்த்துள்ளது என்று அறியலாம். அரைத்துயில்தான் எனின், மூடியைச் சாத்தினால் ஆழ்துயில் கொள்ளுமாறு அமைத்துக்கொள்வது என் கருத்தில் சிறந்தது.

இத்தொல்லைக்கு அஞ்சிப் புதுப்பித்தலையே நிறுத்திவிடுவோர் உளர். அது கதவு கிறீச்சிடுகின்றது என்று கதவையே கழற்றிவிடுவதை ஒக்கும். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. அது நுழைந்த வழியை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளிவந்திருந்தது. அதனை ஏற்றிக்கொள்ளாத கணினிகளே பெரிதும் துன்புற்றன.

கடைசியாக, பயாஸைப் புதுப்பித்தல் பற்றி ஒரு சொல். துயில் கோளாறு தீர அதுவும் ஒரு வழிதான். கணினி தயாரித்தவரின் தளத்திலிருந்து, அந்தக் கணினி வகைக்கே உரியதை மட்டும் எடுத்தல் வேண்டும். அவ்வேலை நடக்கையில் மின்சாரம் நின்றால் கணினி பிறகு தொடங்கவே மாட்டாமற் போகக்கூடும். ஆதலின் மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். இணைத்து, மடிக்கணினியாயின் மின்கலம் நிறைய ஏற்றி, மின்னிணைப்பும் கொடுத்துத் தொடங்குக. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்துள்ள நாளில் அவ்வேலையைத் தொடவே வேண்டா.