விதை ஏன் முளைக்கவில்லை?



ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். மாலை நேரம். ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் வீட்டுக்கு வருகிறான். அவன் சட்டைப் பையில் நான்கு கூழாங்கற்கள், இரண்டு இலைகள், ஒரு விதை. அப்பா பார்க்கிறார்.

"இதைப் பொறுக்கத்தான் பள்ளிக்கூடம் போனியா? போய்ப் புத்தகத்தை எடுத்துப் படிடா!" என்று அதட்டுகிறார்.

பையன் பேசவில்லை. பையில் இருந்ததை எல்லாம் வாசலில் கொட்டிவிடுகிறான்.

அந்த அப்பா கெட்டவர் இல்லை. தமக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று பாடுபடுகிறவர். ஆனால் மகன் வாசலில் கொட்டியது என்ன? அன்றைய அறிவியல் பாடம். இன்றைய பேச்சு அந்தப் பாடத்தைப் பற்றியது.

நர்மதைக் கரையில் ஒரு முயற்சி

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆறு ஓடுகிறது. அதன் கரையில் உள்ளது ஹோஷங்காபாத் மாவட்டம். இப்போது அதன் பெயர் நர்மதாபுரம். அங்கே 1972-ஆம் ஆண்டில் ஒரு புதிய வேலை தொடங்கியது. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அதைத் தொடங்கின. 16 நடுநிலைப் பள்ளிகளில் 6, 7, 8 ஆகிய வகுப்புகளுக்கு அறிவியலைப் புதிய முறையில் கற்பித்தார்கள்.

அது என்ன புதிய முறை? பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவும் சோதனையைத் தன் கையால் செய்தது. கண்டதை நோட்டில் எழுதியது. பாடப் புத்தகத்தில் கேள்விகள் நிறைய இருந்தன. விடைகளைப் பிள்ளைகளே செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்த விஞ்ஞானிகள் கிராமத்துக்கு வந்தார்கள். ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தார்கள். 1978-இல் இந்த முறை மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 1982-இல் ஏகலவ்யா என்ற அமைப்பு உருவாகி இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. பிறகு வேறு பல மாவட்டங்களுக்கும் இது பரவியது.

மூன்று விதைகள்

இப்படிச் செய்து படிக்கும் வகுப்பு எப்படி இருக்கும்? ஒரு சோதனையைப் பாருங்கள். இதை உங்கள் வீட்டிலும் செய்யலாம்.

ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நீளமான குச்சியில் மூன்று மொச்சை விதைகளை நூலால் கட்டுங்கள். ஒன்று அடியில், ஒன்று நடுவில், ஒன்று மேலே. குச்சியை டம்ளருக்குள் நிறுத்துங்கள். நடு விதை பாதி நனையும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது அடி விதை தண்ணீருக்குள் முழுகி இருக்கும். மேல் விதை தண்ணீரைத் தொடாமல் இருக்கும். தண்ணீர் குறையக் குறைய ஊற்றி வாருங்கள்.

சில நாட்கள் கழித்துப் பாருங்கள். நடு விதை முளைத்து வேர் விட்டிருக்கும். மேல் விதை அப்படியே காய்ந்து கிடக்கும். அடி விதை ஊதிப் போயிருக்கும். ஆனால் நன்றாக வளராது. நாளானால் அழுகிவிடும்.

வகுப்பில் ஆசிரியர் காரணத்தைச் சொல்லிவிடக் கூடாது. கேட்க வேண்டும்.

"மேல் விதை ஏன் முளைக்கவில்லை?"

"அதுக்குத் தண்ணி இல்லை சார்."

"அடி விதைக்குத்தான் நிறையத் தண்ணி இருக்கே. அது ஏன் வளரவில்லை?"

வகுப்பு யோசிக்கும். நடு விதைக்குக் கிடைத்தது, அடி விதைக்குக் கிடைக்காதது எது? யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்: "காத்து!"

சரிதான். விதை முளைக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் விதைக்குப் போதுமான காற்று கிடைப்பதில்லை.

பாடம் அத்தோடு முடிவதில்லை. எல்லாக் குழுக்களும் தாங்கள் கண்டதைக் கரும்பலகையில் எழுதும். எட்டுக் குழுக்களில் நடு விதை முளைத்திருக்கும். ஒரு குழுவில் முளைத்திருக்காது. ஏன்? சொத்தை விதையா? தண்ணீர் ஊற்ற மறந்தார்களா? மறுபடியும் செய்து பார்ப்பார்கள். ஒரு தடவை கண்டதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பலமுறை பார்க்க வேண்டும். பிறர் கண்டதோடு ஒப்பிட வேண்டும். அறிவியல் என்பது இதுதான்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். பயறு விதைத்த நிலத்தில் மழைத் தண்ணீர் தேங்கினால் விவசாயி என்ன செய்கிறார்? வாய்க்கால் வெட்டி வடிய விடுகிறார். இல்லாவிட்டால் விதை அழுகும் என்று அவருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் தெரியும். வகுப்பறையில் பிள்ளை கண்டதும், வயலில் அப்பா கண்டதும் ஒன்றுதான்.

தீக்குச்சியும் வால்டியூபும்

1978-இல் அரவிந்த் குப்தா என்ற இளம் பொறியாளர் ஹோஷங்காபாத் வேலையில் சேர்ந்தார். அவர் புனேயில் லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விடுப்பு எடுத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்தார். சைக்கிள் வால்டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் பாடம் செய்தார்.

தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வால்டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். மூன்று குச்சிகளை மூன்று துண்டுகளில் செருகினால் முக்கோணம். நான்கு குச்சிகளை நான்கு துண்டுகளில் செருகினால் சதுரம். இரண்டையும் மெல்ல அழுத்துங்கள். சதுரம் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது.

சதுரத்தின் குறுக்கே நீளமான குச்சி ஒன்றைக் கொடுங்கள். அதுவும் உறுதியாக நிற்கும். ஏனென்றால் இப்போது அது இரண்டு முக்கோணம். பலகைக் கதவில் தச்சர் குறுக்குச் சட்டம் அடிப்பது இதற்காகத்தான். ஓட்டு வீட்டின் கூரைச் சட்டத்தைப் பாருங்கள். மின்சாரக் கோபுரத்தைப் பாருங்கள். எங்கும் முக்கோணம்.

இப்படி எளிய பொருள்களால் அறிவியல் கற்பித்த அரவிந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தேர்வும் கேள்வியும்

ஹோஷங்காபாத் முறையில் தேர்வும் வேறு மாதிரி. பிள்ளைகள் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். மனப்பாடம் செய்தவருக்கு அதில் லாபம் இல்லை. யோசித்தவருக்குத்தான் மதிப்பெண். சோதனை செய்து காட்டும் தேர்வும் உண்டு.

பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் 'சவாலிராம்' என்ற பெயருக்குக் கடிதம் எழுதலாம். சவாலிராம் என்று ஓர் ஆள் கிடையாது. அது ஒரு கற்பனைப் பெயர். ஆனால் கடிதத்துக்குப் பதில் வரும். ஒரு கிராமத்துப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் எழுத ஆள் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

நின்று போனது

இந்த வேலை 30 ஆண்டுகள் நடந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. மாநிலம் முழுவதும் ஒரே பாடம் இருக்க வேண்டும் என்றார்கள். இப்படிப் படித்த பிள்ளைகள் மேல்வகுப்பில் பின்தங்குவார்கள் என்றும் பேச்சு எழுந்தது. ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் மறுத்தார்கள். பலன் இல்லை.

ஆனால் விதை அழுகிவிடவில்லை. நாடு முழுவதற்குமான கலைத்திட்டம் 2005-இல் வந்தது. பள்ளிப் படிப்பை வெளி வாழ்க்கையோடு இணைக்க வேண்டும், மனப்பாட முறையை விட வேண்டும் என்று அது சொன்னது.

கலைத்திட்டம் வந்தால் மட்டும் போதாது. வீட்டிலும் மாற்றம் வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. உண்மையில் அது கோபம் இல்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கூச்சம். விஞ்ஞானியும் தெரியாது என்றுதான் தொடங்குகிறார். தெரியாததால்தான் சோதனை செய்கிறார்.

ஆகவே அந்த அப்பாவின் வீட்டுக்குத் திரும்புங்கள். மறுநாள் மாலை. பையன் வருகிறான். அப்பா கேட்கிறார்: "நேத்து வாசல்ல கொட்டினியே ஒரு விதை, அது என்னடா?"

"தெரியாதுப்பா."

"எனக்கும் தெரியலை. வா, நட்டுப் பார்ப்போம்."

அவ்வளவுதான். பள்ளிக்கூடம் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது.

பேசிப் பாருங்கள்

1. அடி விதை ஏன் வளரவில்லை?
2. உங்கள் வீட்டில் முக்கோணம் எங்கெங்கே இருக்கிறது?
3. உங்கள் பிள்ளை கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?