தொண்டு முன்னே, புகழ் பின்னே
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"தொண்டாற்றிய இளைஞர்" என்னும் பொருள் பற்றி இம்மேடையில் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி ஏற்றோம். புலவர் வரிசைக்கு உரியோம் அல்லோம். ஆயினும் பெரியோர் கட்டளையை மறுத்தல் முறையன்று. ஆதலின், படித்தும் கேட்டும் அறிந்தவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

இப்பொருள் இவ்வாண்டு எழுந்ததற்குக் காரணம் உண்டு. காலனியில் தொண்டு செய்யும் இளைஞர்க்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கலாம் என்னும் யோசனை ஒன்று சங்கத்தின்முன் இருக்கின்றது. அதன்மேல் இரண்டு வினாக்கள் எழுந்துள்ளன. பரிசு என்று ஒன்றை வைத்தால், தொண்டு பரிசுக்காகச் செய்யப்படும் தொழிலாகிவிடாதா என்பது முதல் வினா. தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்த தொண்டை மட்டும் கணக்கில் கொள்வதா, கரக்பூர் நகரத்து மற்றையோர்க்குச் செய்ததையும் சேர்ப்பதா என்பது இரண்டாம் வினா. இரண்டும் நேர்மையான வினாக்கள். ஒதுக்கித் தள்ளத்தக்கன அல்ல.

இவற்றிற்கு விடை தேடி, கத்தோலிக்க சமயத்து இளைஞர் சிலருடைய வரலாற்றை இன்று பார்ப்போம். நம் சங்கத்தில் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் உறுப்பினராய் இருக்கின்றோம். "நம் சமயத்தில் இல்லாததா அங்கே இருக்கின்றது?" என்று எவரும் வருந்த வேண்டா. மறைந்து கிடந்த தொண்டைக் கண்டறிந்து, சாட்சிகளை விசாரித்து, உலகறிய மதிப்பளிக்கும் முறையொன்றைப் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டு வருவோர் அச்சமயத்தார். பரிசு பற்றி ஆராயும் நமக்கு அம்முறை பயன்படும்.

முதலில் பாரிசு நகரத்துக்குச் செல்வோம். 1832-ஆம் ஆண்டில் அந்நகரத்தில் காலரா நோய் பரவி, 18,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. ஏழைகள் குடியிருந்த சந்துகளில் வறுமை தலைவிரித்தாடியது. அக்காலத்தில் அங்கே சட்டம் பயின்ற மாணவர் ஒருவர் பிரெடரிக் ஓசானாம் என்பவர். அவரும் அவர்தம் நண்பரும் சமயத்தின் பெருமை பற்றி வாதங்கள் நிகழ்த்துவது வழக்கம். ஒருநாள் எதிர்வாதம் செய்த மாணவர், "உங்கள் சமயம் முன்னாளில் நன்மைகள் செய்தது உண்மைதான். இன்று நீங்கள் செய்வது என்ன?" என்னும் கருத்துப்படக் கேட்டுவிட்டார். அக்கேள்விக்குச் சொல்லால் விடை இல்லை என்பதை ஓசானாம் உணர்ந்தார்.

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், அவருக்கு இருபது வயது நிறைந்த அன்று, மாணவர் அறுவரும் எம்மானுவேல் பைய்யி என்னும் மூத்த பத்திரிகையாசிரியர் ஒருவருமாக எழுவர் கூடினர். அன்று தோன்றிய சிறு குழுவே பின்னர்ப் புனித வின்சென்ட் தே பவுல் சபை எனப் பெயர் பெற்றது. ஏழைகளை எவ்வாறு அணுகுவது என்பதை அவ்விளைஞர் அறியார். ரோசலி ரெந்து என்னும் துறவுச் சகோதரியார், எந்த வீட்டில் யார் பட்டினி கிடக்கின்றார், அவரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பவற்றை அவர்கட்குக் கற்பித்தார்.

அச்சபையின் ஒழுங்குகளுள் இரண்டு நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, உறுப்பினர் ஏழைகளின் இல்லத்திற்குத் தாமே செல்ல வேண்டும். ஏழைகளைத் தம் வாயிலுக்கு வரச் சொல்லுதல் கூடாது. இருவர் இருவராய்ச் செல்வது அவர்கள் வழக்கம். இரண்டாவது, கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். ஒவ்வொருவரும் கையை உள்ளேவிட்டுத் தம்மால் இயன்றதை இடுவர். யார் எவ்வளவு இட்டார் என்பதை எவரும் அறியார். பத்து ரூபாய் இட்டவரும் நூறு ரூபாய் இட்டவரும் அங்கே ஒரு நிரையினரே. விழாக்களில் நன்கொடையாளர் பெயரைத் தொகையோடு வாசித்துப் பழகிய நமக்கு அப்பை ஒரு பாடம்.

"பிள்ளைகள் தொண்டில் இறங்கினால் படிப்புக் கெடும்" என்று அஞ்சும் தாய் தந்தையர்க்கு ஒன்று கூறுவோம். ஓசானாம் சட்டத்திலும் இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் பெற்று, சோர்பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். 1853-ஆம் ஆண்டில் நாற்பதாம் வயதில் மறைந்தார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், உலக இளைஞர் பெருவிழாவுக்கெனப் பல நாட்டு இளைஞர் பாரிசில் கூடியிருந்தபோது, போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அவரை 'அருளாளர்' என அறிவித்தார். எழுவரோடு தொடங்கிய சபை 1863-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. இன்று 150 நாடுகளுக்கு மேல் பணிபுரிகின்றது. தமிழ்நாட்டுக் கோயிற் பங்குகள் பலவற்றில் அச்சபையார் வாரந்தோறும் எளியோர் வீடுகளுக்குச் சென்று வருதலை உங்களுள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள்.

அச்சபையில் சேர்ந்து தொண்டாற்றிய மற்றோர் இளைஞரின் கதை, இரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. பியர் ஜார்ஜோ பிரசாத்தி என்பார் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் பிறந்தார். தந்தையார் 'லா ஸ்டாம்பா' என்னும் பெரிய நாளிதழின் உரிமையாளர். செனட் சபை உறுப்பினர். பின்னர் ஜெர்மனிக்குத் தூதராயும் இருந்தவர். செல்வத்துக்குக் குறைவில்லை. மகனோ 1918-ஆம் ஆண்டில் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து, தம் கைச்செலவுப் பணத்தை ஏழைகளுக்கு ஈந்துவிட்டு, உணவு வேளைக்குள் வீடு சேரத் தெருவில் ஓடிவருவார். சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்ற வேண்டும் என்னும் எண்ணத்தால் சுரங்கப் பொறியியல் பயின்றார். மலையேறுதலில் பெருவிருப்பு உடையவர். நண்பரோடு கூடி நகைத்து மகிழ்பவர். முகம் வாடிய துறவியாக அவரை எண்ணிவிடாதீர்கள்.

அவர் இரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே செல்வார். இவ்வளவு செல்வர் மகன் ஏன் மூன்றாம் வகுப்பில் செல்கின்றாய் என்று கேட்டோரிடம், நான்காம் வகுப்பு இல்லாமையால் என்று விடை கூறினாராம். நம் நாட்டு இரயில்களில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எனினும், முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிலில் தொங்கிச் செல்வோரைக் காணுந்தோறும், அவ்விளைஞரின் விடை எம் நினைவுக்கு வருகின்றது. மிஞ்சிய கட்டணம் யாருக்குச் சென்றது என்பதை அவர் சொல்லவில்லை.

1925-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. தாம் சென்றுவந்த நோயாளிகளின் இல்லத்திலிருந்தே அந்நோய் அவரைப் பற்றியிருக்கும் என்பர். அதே வேளையில் வீட்டில் பாட்டியார் மரணப் படுக்கையில் இருந்தமையால், இவர் நோயின் கடுமையைத் தொடக்கத்தில் எவரும் உணரவில்லை. இறப்பதற்கு முந்திய நாள், செயலற்றுவரும் கையால் கோணல் எழுத்தில் ஒரு சீட்டு எழுதினார். ஓர் ஏழைக்குச் சேரவேண்டிய ஊசி மருந்தை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். மற்றோர் ஏழையின் அடகுச் சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவே அதன் செய்தி. அன்பர்களே! அடகுச் சீட்டு மூழ்கிப்போகும் துன்பம் எத்தகையது என்பதை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டா. சூலை 4-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வயது இருபத்து நான்கு.

இறுதி ஊர்வலத்தன்று குடும்பத்தார் ஒரு வியப்பைக் கண்டனர். பெருமனிதர் சிலர் வருவர் என எதிர்பார்த்த தெருவில், ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்று கண்ணீர் விட்டனர். தம் மகன் செய்துவந்தது இன்னதென்று பெற்றோர் அன்றே முழுமையாய் அறிந்தனர். தம் வீடுதேடி வந்த இளைஞர் இன்னார் மகன் என்பதை அவ்வேழைகளுள் பலரும் அன்றே அறிந்தனர்.

அவருக்கு மதிப்பளிக்க வேண்டும் என்னும் கோரிக்கையும் அவ்வேழைகளிடமிருந்தே எழுந்தது. விசாரணை 1932-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இடையில் பல்லாண்டுகள் தடைப்பட்டது. 1990-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அருளாளர் எனவும், 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் போப்பாண்டவர் பதினான்காம் லியோவால் புனிதர் எனவும் அறிவிக்கப்பெற்றார். இறந்து நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பெருமை நிறைவெய்தியது. அன்றே அவரோடு புனிதர் பட்டம் பெற்ற மற்றொருவர் கார்லோ அகூதிஸ் என்னும் சிறுவர். அவர் 2006-ஆம் ஆண்டில் பதினைந்தாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தவர், கணினியில் வல்லவர், மிலான் நகரத் தெருக்களில் உறங்குவோர்க்கு உணவும் படுக்கைப் பையும் கொண்டு சென்றவர். நம் பிள்ளைகளைப் போலவே கணினியோடு வளர்ந்த தலைமுறையினர் அவர் என்பதைக் கருதுக.

இனி நம் வினாக்களுக்கு வருவோம்.

பரிசினால் தொண்டு கெடுமா? பரிசு முன்னே நின்று அழைத்தால் கெடும். பின்னே வந்து சேர்ந்தால் கெடாது. பிரசாத்தியின் தொண்டுக்குச் சான்று தந்தவர் அவரும் அல்லர், அவர் குடும்பத்தாரும் அல்லர். உதவி பெற்ற ஏழையரே ஆவர். திருவள்ளுவரும் ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும், ஈகையை இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும் வைத்து, புகழை இருபத்து நான்காவதாக வைத்தார். அவ்வரிசை மாறினால் அறம் மாறிவிடும்.

இரண்டாம் வினாவுக்கு விடையாக, நம் காலனியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சென்ற குளிர்காலத்தில், பணி ஓய்வு பெற்றுத் தனித்து வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் கடுங்காய்ச்சலில் எழமுடியாது கிடந்தார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் உள்ளனர். இரண்டு நாள் பால் பைகள் வாசலிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் கதவைத் தட்டி, ஆள் திரட்டி, மருத்துவமனையிற் சேர்ப்பித்தவர், அடுத்த வீட்டில் பாத்திரம் துலக்க வரும் வங்காளப் பெண்மணி. பெரியவர் பிழைத்தார். அப்பெண்மணி, இவர் என் மொழியினர்தாமா என்று முதலில் கேட்டிருப்பின் என்னவாகியிருக்கும்? நாம் மட்டும் அக்கேள்வியைக் கேட்டு வரம்பு கட்டலாமா?

மேலும், இந்நகரத்தார்க்கு நாம் மட்டுமே செய்யக்கூடிய தொண்டு ஒன்றும் உண்டு. காட்பாடிக்குச் சீட்டுக் கேட்டு வரும் வங்காளக் குடும்பங்களை நம் இரயில்வே நண்பர் அனைவரும் அறிவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோர் அவர்கள். நிலம் விற்றும் கடன் வாங்கியும் செல்வோர் அவருட் பலர். அங்கே இறங்கியதும் தண்ணீர் கேட்கவும் வழி கேட்கவும் நாவில் தமிழ் இல்லை. புற்றுநோய் முதலிய சில கொடிய நோய்களுக்கு இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதையும், அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையார் கையொப்பம் வேண்டும் என்பதையும் அறியாமல் முழுக்கட்டணம் செலுத்துவோர் பலர். நம் பிள்ளைகள் பள்ளியில் வங்காளம் படிக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இன்றியமையாத தமிழ்த் தொடர்கள் முப்பதை வங்காள எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தர அவர்களால் இயலும். இதனினும் சிறந்த தமிழ்த்தொண்டு யாது?

ஆகவே, மூன்று யோசனைகளைச் சங்கத்தின்முன் பணிவுடன் வைக்கின்றோம்.

ஒன்று: தெருவுக்கு இருவராக இளைஞர் வாரத்தில் ஒருநாள் குறித்து, தனித்து வாழும் முதியோர் இல்லம் ஒவ்வொன்றுக்கும் சென்று நலம் கேட்டு வருக. முதியவர் எம்மொழியினராயினும் ஆகுக.

இரண்டு: காட்பாடி செல்லும் நோயாளிகளுக்குப் படிவம் நிரப்பவும், தமிழ்த் தொடர்த் தாள் வழங்கவும், ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் இளைஞர் அமர்க.

மூன்று: பரிசு வழங்குக. ஆனால், தமக்குத் தாமே விண்ணப்பம் செய்தல் கூடாது. பெற்றோர் பரிந்துரைத்தலும் கூடாது. உதவி பெற்றோர் சொல்லே சான்றாகுக. ஈராண்டு இடைவிடாது செய்தவர்க்கே பரிசு உரியதாகுக. உதவி பெறுவோரை நிழற்படம் எடுத்து இம்மலரில் வெளியிடுதல் வேண்டா. பரிசுத் தொகை அவ்விளைஞர் மேற்கொண்ட பணிக்கே செல்க. அத்தொகைக்காக இன்று இவ்வவையில் ஒரு துணிப்பை சுற்றிவர இசைவு தருமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம். யார் எவ்வளவு இட்டார் என்று எவரும் பார்க்க வேண்டா.

இளைஞர்களே! பாரிசில் எழுவர் கூடியபோது அவர்களிடம் கட்டடமும் நிதியும் இல்லை. இம்மன்றத்தில் இன்று எழுபதுக்குக் குறையாத இளைஞர் இருக்கின்றீர்கள். அடுத்த ஞாயிறு முதல் தொடங்குக. 

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!