நாத்திகமும் சமயமும்
(குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயனம்பாக்கம் இன்று விழாக்கோலம் பூண்டு பொலிகின்றது. விமானக் கலசத்தின்மேல் நன்னீர் சொரியக் கண்டு கைகூப்பிய இந்நன்னாளில் நாத்திகத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே அடியேன் கருத்து. திருப்பணிக்கு வாரி வழங்கிய இல்லங்கள் சிலவற்றிலேயே, "கடவுள் உண்டென்பதற்குச் சான்று என்ன? நான் கோயிலுக்கு வரவில்லை" என்று கூறும் மகனோ மகளோ இருத்தல் கூடும். அப்பிள்ளையைச் சினந்து ஒதுக்குவதா, கேட்டு விடை பகர்வதா என்பது இன்று நம்முன் நிற்கும் வினா. அதற்கு விடை காணுமுன் நாத்திகம் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும்.

'அஸ்தி' என்றால் உண்டு. 'நாஸ்தி' என்றால் இல்லை. இல்லை என்பான் கொள்கை நாத்திகம். ஆனால் எதனை இல்லை என்பது? இவ்விடத்தில்தான் பலரும் மயங்குகின்றனர். மனு நூல், வேதத்தை இகழ்வோனையே நாத்திகன் என்கின்றது. ஆகவே வேதத்தை ஏற்காத பௌத்தமும் சமணமும் நாத்திகத்தின்பாற்பட்டன. சாங்கியமும் மீமாஞ்சையுமோ உலகைப் படைத்த இறைவன் ஒருவனை வேண்டாமலேயே, வேதத்தை ஒப்பிய காரணத்தால், ஆத்திக தரிசனங்களாக எண்ணப்பெற்றன. கடவுளை மறுத்தலும் நாத்திகமும் பண்டைநாளில் ஒன்றாகவே கருதப்படவில்லை என்பது இதனால் விளங்கும். பிறநாட்டிலும் இவ்வாறே. உரோமாபுரித் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த தொடக்ககாலக் கிறித்தவர்களை அந்நாட்டார் நாத்திகர் என்று தூற்றினர்! ஆதலின் ஒருவனை நாத்திகன் என்று சொல்லுமுன், அவன் எதனை மறுக்கின்றான் என்று கேட்டறிதல் நம் கடன்.

தமிழ்ப் பெரியோர் அவ்வாறு கேட்டறிந்தனர். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதியர் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை உரைக்கின்றனர். அவருள் பூதவாதியும் ஒருவன். பூவும் வெல்லக் கட்டியும் பிறவும் கூடியவிடத்து மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கின்றது, காட்சியொன்றே அளவை, மறுமை என்பது பொய் என்பான் அவன். மணிமேகலை அவனை வையவில்லை. நகைத்து ஒரு வினா விடுக்கின்றாள். நின் தாய் தந்தையரை நீ கருதல் அளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்பது அவ்வினாவின் கருத்து. கண்ணாற் கண்டதையே ஒப்புவேன் என்பவனும் காணாத பலவற்றை நம்பியே வாழ்கின்றான் என்பதை இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது. வினவிய அவளோ, படைப்புக் கடவுளைப் பேசாத பௌத்த நெறியைச் சார்ந்தவள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் பதினான்கு பிறமதக் கொள்கைகளை எடுத்து ஆராய்கின்றது. அவற்றுள் முதற்கண் நிற்பது உலகாயதம். மறுக்குமுன் அக்கொள்கையை அதன் வாயாலேயே முழுமையாக உரைக்கச் செய்கின்றார் ஆசிரியர். உலகாயதருடைய நூல்கள் பெரும்பாலும் மறைந்தொழிந்தன. அவர் கொள்கையை நாம் இன்று அறிவது பெரிதும் அவரை மறுத்தோருடைய நூல்களினாலேயே. எதிரியின் சொல்லை ஏட்டில் எழுதி வைத்துப் பின்னர் விடை கூறுதல் அச்சமுடையார் செயலன்று. தம் மெய்ந்நெறியில் உறுதியுடையார் செயலாகும்.

நூல்கள் கிடக்கட்டும்; அடியார் வரலாற்றைக் காண்போம். நாவுக்கரசர் சமண் சமயம் சார்ந்து தருமசேனராய்த் திகழ்ந்தவர். திலகவதியார் தம்பியின் பொருட்டு இறைவனிடம் முறையிட்டாரேயன்றி, அவரை வெறுத்தாரல்லர். சூலைநோயுற்று மீண்டு வந்தபோது திருநீறு அளித்து ஏற்றுக்கொண்டார். அன்று அவ்வம்மையார் கதவடைத்திருந்தால் தேவாரத்தின் பெரும்பகுதி நமக்கு வாய்த்திருக்குமா? சாக்கிய நாயனாரோ புத்த வேடம் நீங்காமலே நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் கல்லெறிந்தார். கண்டோர்க்கு அது நிந்தை; இறைவனுக்கோ அது மலர். வேடத்தையும் செயலையும் கொண்டு உள்ளத்தை அளத்தல் இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நமக்கு அண்மையிலுள்ள வட திருமுல்லைவாயிலுக்குக் கண்ணொளி இழந்து வந்து பாடியவர் சுந்தரர். தடுத்தாட்கொள்ள வந்த இறைவனையே பித்தன் என்று வைதவர். பின்னும் உரிமையோடு வன்மை பேசியவர். அவரை இறைவன் தள்ளவில்லை. வன்தொண்டன் எனப் பெயரிட்டுத் தோழனாகக் கொண்டான். கடவுளோடு வழக்காடுதல் வேறு, கடவுளை மறுத்தல் வேறு. துயரத்தால் "கடவுள் இல்லை" என்று கதறுவோர் பலர், உண்மையில் வழக்காடுவோரே ஆவர்.

இனி, நம் காலத்திற்கு அணித்தான செய்திக்கு வருவோம். தமிழகத்தில் கடவுள் மறுப்பை ஓங்கி உரைத்தவர் ஈ.வெ.ரா. பெரியார் (1879-1973). அவர் முற்காலத்தில் ஈரோட்டில் தேவத்தானக் குழுவின் தலைவராக இருந்தவர் என்பதைப் பலர் அறியார். 1924-ஆம் ஆண்டில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒருசார் மக்கள் நடக்கவும் கூடாது என்று தடுத்ததை எதிர்த்து, காங்கிரசுத் தலைவர்களுள் ஒருவராக அங்குச் சென்று இருமுறை சிறை புகுந்தார். இறைவன் சந்நிதிக்குச் செல்லும் வழியிலேயே மனிதனை மறித்து நின்ற கொடுமை அது. அவருடைய மறுப்பிற்குக் காரணங்கள் பல. இத்தகைய காட்சிகளும் அவற்றுள் அடங்கும் என்பதை நாம் மறைத்தல் முறையன்று.

அவர்தம் கடவுள் மறுப்பை நாம் ஏற்க மாட்டோம். ஆயினும் அதனை எதிர்கொண்ட வகையில் குன்றக்குடி அடிகளார் நமக்கு வழிகாட்டி. அருள்நெறித் திருக்கூட்டம் கண்டு நாத்திகத்திற்கு மறுமொழி பகர்ந்த அடிகளார், பெரியாரோடு நட்புப் பூண்டார். திருநீற்றையும் விடவில்லை, நட்பையும் விடவில்லை. குன்றக்குடியில் சிற்றூர் மக்களின் தொழிலும் வாழ்வும் உயரப் பாடுபட்டு, சமயம் மக்களுக்கு உரியது என்பதைச் செயலாற் காட்டினார். வைணவப் பற்றுடைய இராசாசியும் பெரியாரும் அரசியலிலும் கொள்கையிலும் எதிரெதிர் நின்றும் நண்பராகவே இருந்தனர். 1972-இல் இராசாசி மறைந்தபோது பெரியார் கண்ணீர் உகுத்தார்.

அன்பர்களே! மறுப்பு இருவகைப்படும். கடவுள் உண்டென்பதை மறுப்பது ஒன்று. கடவுள் பெயரால் நிகழும் தீமையை மறுப்பது மற்றொன்று. முதலாவதற்கு நூலறிவும் அனுபவமும் விடையாகும். இரண்டாவதற்கு எந்நூலும் விடையாகாது. நம் ஒழுக்கமே விடை. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அதன்பின் எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்தும், 2023 சூனில் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், பட்டியல் இனத்தார் நுழைவு பற்றிய பிணக்கினால் திரௌபதியம்மன் கோயில் அதிகாரிகளாற் பூட்டி முத்திரையிடப்பட்டது. அம்மன் சந்நிதி அடைபடக் காரணமானோர் நாத்திகர் அல்லர். ஆத்திகர் தமக்குள் விளைத்த பூசலே அதற்குக் காரணம். வாயால் உண்டென்று கூறி வாழ்வால் இல்லையென்று காட்டும் இந்நாத்திகமே சமயத்திற்குப் பெரும்பகை. மேடையில் நின்று மறுப்பவனுக்கு நாம் விடை கூறலாம். உள்ளிருந்து மறுப்பவனுக்கு யார் கூறுவார்?

ஆதலின் புரவலர்களே, கல்லாலும் சுதையாலும் ஆகிய திருப்பணி நிறைவுற்றது. மற்றொரு திருப்பணி இன்று தொடங்குகின்றது. இக்கோயில் வாயிலில் எவரும் தயங்கி நிற்றல் ஆகாது. திருநீறும் அன்னமும் எல்லார்க்கும் ஒரே கையால் வழங்கப்பெற வேண்டும். உண்டியற் காசின் கணக்கு ஊரறிய விளங்க வேண்டும். இவை நிகழுமாயின் ஐயுறும் பிள்ளைகளின் வினாக்களுள் பாதிக்கு நாம் வாய் திறவாமலே விடை கூறியவராவோம். மறுபாதியை, மணிமேகலை வினவியதுபோல் முகமலர்ச்சியோடு அவர்களுடன் அமர்ந்து ஆராய்வோம். வரவில்லை என்னும் பிள்ளைக்கு வீட்டில் இலை போடாமல் இராதீர்கள். திலகவதியார் காத்திருந்ததுபோல் காத்திருங்கள்.

உண்டென்பார்க்கும் இல்லையென்பார்க்கும் ஒருபடித்தாய் மழை பொழிவிக்கும் எம்பெருமான் இவ்வூரையும் உலகையும் காத்தருள்வானாக.