கொடை வளர்த்த கல்விக்கூடங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரு பள்ளிக்கூடம் நடைபெற என்னென்ன தேவை? கட்டடம் தேவை, பாடநூல் தேவை, கால அட்டவணை தேவை, ஆசிரியர்கள் தேவை. இத்தனையும் குறைவில்லாமல் அமைந்தும், உள்ளே நுழைந்தவுடன் மனம் சோர்ந்துபோகும் பள்ளிகள் உண்டு. வசதி குறைவாக இருந்தும், மாணவர் ஓடி வந்து சேரும் பள்ளிகளும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? பள்ளியை நடத்துவோரின் உள்ளத்தில் கனிவு இருக்கிறதா, கொடுக்கும் குணம் இருக்கிறதா என்பதுதான்.

இன்றைய தலைமையாசிரியருக்கு வேலைப் பளு அதிகம். தேர்வு முடிவு, வருகைப் பதிவு, அறிக்கை, கூட்டம் என்று நாள் ஓடிவிடுகிறது. "இவ்வளவுக்கும் நடுவில் கருணை காட்ட நேரம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் கல்வி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இங்கே பல பள்ளிகளுக்கு முதலில் கிடைத்த முதலீடே யாரோ ஒருவரின் கொடை மனம்தான்.

வீட்டை விற்றுப் பல்கலைக்கழகம் காத்தவர்

டான் கா கீ 1874-ஆம் ஆண்டு சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் ஜிமெய் என்னும் ஊரில் பிறந்தவர். 1890-இல் சிங்கப்பூருக்கு வந்து தந்தையின் அரிசிக் கடையில் வேலை பார்த்தார். பின்னாளில் தந்தையின் வணிகம் நொடித்துப் போனது. அந்தக் கடனை அடைக்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அவர் அடைத்து முடித்தார். அன்னாசித் தொழிலிலும் ரப்பர் தொழிலிலும் ஈடுபட்டுப் பெருஞ்செல்வரானார்.

சேர்த்த செல்வத்தை அவர் எங்கே செலவிட்டார்? 1913-இல் பிறந்த ஊரில் பள்ளி தொடங்கினார். 1919-இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப்பள்ளி உருவாக முன்நின்றார். அதன் வழிவந்ததுதான் இன்றைய ஹுவா சோங் கல்வி நிலையம். 1921-இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். சீனமொழிப் பள்ளிகளோடு அவர் நின்றுவிடவில்லை. ஆங்கிலவழிப் பள்ளிக்கும் ராஃபிள்ஸ் கல்லூரிக்கும் பொருள் தந்தார். கல்வி என்று வந்துவிட்டால் மொழி வேறுபாடு, சமய வேறுபாடு பார்க்காத கை அது.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை வீழ்ந்தது, அவருடைய நிறுவனம் தள்ளாடியது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டால் பாரம் குறையும் என்ற நெருக்குதல் எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. தம் மாளிகைகளை விற்றுப் பல்கலைக்கழகத்தை நடத்தினார். 1934-இல் நிறுவனத்தை மூட நேர்ந்தது. 1937-இல் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைக்கும் வரை, 16 ஆண்டுகள் அந்தச் சுமையைத் தாங்கினார். இத்தனை கொடுத்தவர், தம் பெயரைக் கட்டடங்களுக்குச் சூட்டுவதை விரும்பவில்லை.

திருக்குறளில் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னதாகவே ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் வைக்கப்பட்டுள்ளது. ஊர் மக்களோடு பகிர்ந்து வாழும் பண்பே ஒப்புரவு. அதனால் ஒருவனுக்குக் கேடு வருமென்றாலும், தன்னை விற்றாவது அதைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது வள்ளுவர் கருத்து. படிக்கும்போது இது மிகையாகத் தோன்றலாம். டான் கா கீயின் வாழ்க்கையை அறிந்த பிறகு அப்படித் தோன்றாது.

நல்ல எண்ணம் பரவும்

ஒருவரின் கொடை அவரோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரையும் அது பற்றிக்கொள்கிறது. டான் கா கீயின் நிறுவனத்தில் பணியாற்றி, பின் அவருடைய மருமகனும் ஆனவர் லீ கொங் சியான். தமிழ் நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: சிறுவனாகச் சிங்கப்பூர் வந்த லீ கொங் சியான், சிராங்கூனில் இருந்த ஆங்கிலோ தமிழ்ப் பள்ளியில் படித்தவர். இளமையில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். ஆகவே வகுப்பறையின் தேவை அவருக்குத் தெரியும்.

மாமனாரின் நிறுவனம் மூடப்பட்ட பிறகு, சீன உயர்நிலைப்பள்ளியின் பொறுப்பை அவர் தோளில் ஏற்றுக்கொண்டார். ஷியாமென் பல்கலைக்கழகத்துக்கும் உதவினார். 1941-இல் பள்ளிகளுக்கு ஆசிரியர் பற்றாக்குறை இருந்தபோது, டான் கா கீயின் முயற்சியால் நான் சியாவ் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு இடம் கொடுத்து உதவியவர் லீ கொங் சியான்.

1953-இல் அவர் செய்த கொடை இன்றும் பேசப்படுகிறது. அப்போது ராஃபிள்ஸ் நூலகத்தில் நூல் இரவல் பெறச் சந்தா கட்ட வேண்டும். புதிய நூலகம் கட்ட 375,000 வெள்ளி தருவதாக அவர் முன்வந்தார். ஒரு நிபந்தனை விதித்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்கவேண்டும், உள்ளூர் மொழி நூல்களும் அங்கே இடம்பெற வேண்டும் என்பதே அது. 1957-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1960-இல் நூலகம் திறக்கப்பட்டது. நூலகத்தில் தமிழ் நூலை எடுத்துப் படிக்கும் மாணவனுக்குப் பின்னால் அந்த நிபந்தனையும் நிற்கிறது. நிபந்தனை விதிக்கும் கொடையாளர் பலர். அந்த நிபந்தனை ஏழையின் நன்மைக்காக இருப்பது அரிது.

இல்லாதவர் கொடுத்த கொடை

கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும் என்று எண்ணுவோர் 1950-களின் சிங்கப்பூரை நினைத்துப் பார்க்கவேண்டும். நன்யாங் பல்கலைக்கழகம் அமைக்க 1953-இல் டான் லார்க் சை அறைகூவல் விடுத்தார். ஐம்பது இலட்சம் வெள்ளி தருவதாக உறுதி கூறினார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் வழங்கியது. ஆனால் மக்கள் மனத்தில் இன்றுவரை நிற்பவர்கள் திரிஷா ஓட்டுநர்கள். 1954-இல் ஒரு நாள் முழுதும் வண்டி மிதித்துக் கிடைத்த வருமானத்தைப் பல்கலைக்கழக நிதிக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பள்ளி வாசலை மிதித்திராதவர்கள். தாங்கள் படிக்கவே முடியாத கல்விக்கூடத்துக்குத் தங்கள் ஒரு நாள் உழைப்பை அவர்கள் வழங்கினார்கள்.

அதே காலத்தில் தமிழர்களும் பின்தங்கிவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வி வேரூன்ற வேண்டும் என்று, தமிழ் முரசு நிறுவனர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. 1966-இல் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது அதை முன்நின்று நடத்திய தனிநாயகம் அடிகள், அந்தத் துறையின் தலைவராக இருந்தவர்தான். தொழிலாளி கொடுத்த வெள்ளி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பள்ளித் தலைவர்களுக்கு இதில் என்ன பாடம்?

டான் கா கீயைப் போலச் சொத்தை விற்கும்படி எந்தத் தலைமையாசிரியரையும் யாரும் கேட்கப்போவதில்லை. அவரிடம் இருக்கும் செல்வம் வேறு. நேரம், கவனம், ஓர் இனிய சொல், மாணவன் மீது வைக்கும் நம்பிக்கை ஆகியவையே அது.

கனிவு காட்டினால் கட்டொழுங்கு கெட்டுவிடும் என்ற அச்சம் சிலரிடம் இருக்கிறது. தாமதமாக வரும் மாணவனைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டுக் கண்டிப்பது வேறு, கேட்காமலே தண்டிப்பது வேறு. தாய் இரவு வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைத் தயார்ப்படுத்திவிட்டு வரும் பிள்ளையாக அவன் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? காரணம் தெரிந்தபின் விதியைத் தளர்த்தாமலேயே அவனுக்கு வழி செய்ய முடியும்.

உதவி செய்யும் முறையும் முக்கியம். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதி, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குப் பணம் தருகிறது. மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பிள்ளையின் கையில் அதைச் சேர்ப்பவர் பள்ளியில் இருப்பவர்தான். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "உதவி பெறுகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று சொன்னால் அந்த உணவு தொண்டையில் இறங்குமா? தனியே அழைத்து, பெயர் சொல்லி, தலை குனியாமல் வாங்கிக்கொள்ளும்படி கொடுத்தால் அதே உதவி இரட்டிப்பாகிறது. இதற்குக் கூடுதல் செலவு ஒரு காசும் இல்லை.

ஆசிரியர்களுக்கும் கனிவு தேவைப்படுகிறது. புதிதாக வந்த ஆசிரியை முதல் மாதத்தில் தடுமாறும்போது, மற்றவர் முன்னிலையில் குறை சொல்லும் தலைவர் உண்டு. மாலையில் உட்கார வைத்து வழி சொல்லிக்கொடுக்கும் தலைவரும் உண்டு. நாளை அந்த ஆசிரியை தம் மாணவனிடம் எப்படி நடந்துகொள்வார் என்பது அன்றைக்கே பாதி முடிவாகிவிடும். மேலிருந்து வருவதுதான் கீழே இறங்கும். துப்புரவுப் பணியாளருக்குத் தலைமையாசிரியர் வணக்கம் சொல்லும் பள்ளியில், மாணவருக்கு அதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

டான் கா கீ 1961-இல் காலமானார். மலாயா மண்ணின் ரப்பர் மரங்கள் தந்த பணத்தில் அவர் எழுப்பிய ஷியாமென் பல்கலைக்கழகம், 2016-ஆம் ஆண்டில் மலேசியாவின் சிப்பாங்கில் தன் கிளை வளாகத்தில் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. இங்கிருந்து போனது ஏறக்குறைய நூறாண்டு கழித்து இங்கேயே திரும்பி வந்திருக்கிறது. கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்காக அவர் கொடுக்கவுமில்லை.

திங்கட்கிழமை காலையில் பள்ளி மணி அடிக்கும். யாரோ ஒரு பிள்ளை பசியோடு வரும், யாரோ ஓர் ஆசிரியர் மனச்சுமையோடு வருவார். அவர்களை முதலில் கவனிப்பவர் யாரோ, அவரே அந்தப் பள்ளியின் உண்மையான தலைவர்.