நடைபாதையில் வளர்ந்த அரசியல் சட்டம்

(மும்பை தாதரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தை எவ்வாறு உருவாக்குகிறது என்பது இன்றைய உரைப் பொருள். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம் அன்றோ, நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறுவது மட்டுந்தானே என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். ஏட்டளவில் அது சரியே. ஆனால் உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் பிற நீதிமன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் என்று 141-ஆவது ஷரத்து கூறுகிறது. எனவே அந்நீதிமன்றம் கூறும் பொருளே நடைமுறையில் சட்டமாகிவிடுகிறது. ஓர் எழுத்துக்கூட மாறாத ஒரு ஷரத்து முப்பத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு விரிந்தது என்பதை இம்மாநகரின் நடைபாதை வழக்கு ஒன்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன். நான் பொருளியல் பயின்றவன். சட்ட வல்லுநன் அல்லன். இவ்வழக்கின் மையத்தில் இருப்பது பொருளாதாரமே என்பதால்தான் இத்துணிவு.

21-ஆவது ஷரத்து மிகச் சிறியது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவரது உயிரையும் உடல்சார்ந்த சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பதே அதன் சாரம். 1950-இல், உச்ச நீதிமன்றம் தொடங்கிய அதே ஆண்டில், தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கு வந்தது. சட்டமன்றம் முறைப்படி இயற்றிய நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமானதுதானா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நீதிபதி சையது பசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அன்று அது தோற்ற கருத்து. 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்ட வழக்கில், நடைமுறை என்பது நேர்மையும் நியாயமும் உடையதாக இருந்தாக வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்தது. தோற்ற கருத்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வென்றது எனலாம். இவ்வாறு நிகழ்வது உச்ச நீதிமன்றத்தில் அரிதன்று. அதனால்தான் மாறுபட்ட தீர்ப்புகளையும் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பேன்.

இனி நம் ஊர் வழக்குக்கு வருவோம். 1981 ஜூலையில், மழைக் காலத்தின் நடுவே, நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்திச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப் போவதாக அன்றைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். குடிசைகள் இடிக்கப்பட்டன. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் ஒருவர். அவர் பெயராலேயே வழக்கு இன்றும் அறியப்படுகிறது. சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்த நிலமற்ற தொழிலாளி ஒருவரும், மேற்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய காமராஜ் நகர் குடிசைவாசிகளும் மனுதாரர்களாக இருந்தனர் என்பதைத் தமிழராகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

வழக்கை விசாரித்தது ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு. தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தம் பணி ஓய்வுக்கு முந்திய நாளான 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வழங்கினார். கோபாலன் வழக்கில் மாறுபட்ட பசல் அலியின் மகன் முர்தசா பசல் அலியும், தமிழகத்தைச் சேர்ந்த ஏ. வரதராஜனும் அவ்வமர்வில் இருந்தனர்.

மாநகராட்சி எழுப்பிய முதல் தடை வலுவானது. நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று இவர்களே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; இப்போது மாற்றிப் பேசலாமா என்று கேட்டது. அடிப்படை உரிமையை எவரும் வாக்குறுதி கொடுத்து இழந்துவிட முடியாது. அது தனிமனிதனின் நலனுக்காக மட்டுமன்றிச் சமுதாயத்தின் நலனுக்காகவும் வழங்கப்பட்டது என்று நீதிமன்றம் அத்தடையை நீக்கியது.

அடுத்து வருவதுதான் பொருளாதாரம். இம்மக்கள் ஏன் நடைபாதையில் வாழ்கிறார்கள்? வேலை அருகில் இருப்பதனால். தொலைவில் குடியேற்றினால் கூலியில் ஒரு பகுதி பயணத்துக்கே போய்விடும்; விடியுமுன் கிடைக்கும் வேலை கிடைக்காமலே போகும். ஆகவே குடிசையைப் பறிப்பது பிழைப்பைப் பறிப்பதாகும். பிழைப்பு இன்றி எவரும் உயிர் வாழ முடியாதாகையால், 21-ஆவது ஷரத்தில் கூறப்பட்ட உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு உரிமையும் அடங்கும். போதிய வாழ்க்கை வழிக்கும் வேலைக்கும் அரசு முயல வேண்டும் என்று கூறும் 39, 41-ஆவது ஷரத்துகளை நீதிமன்றம் இதற்குத் துணைக்கழைத்தது. அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளாக மட்டும் இருந்தவை, நேரடியாக வழக்காட முடியாதவை, இவ்வாறு அடிப்படை உரிமைக்குள் புகுந்தன.

இவ்வளவு கூறிய நீதிமன்றம் குடிசைகளைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது; அதை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமை கிடையாது என்று அதே தீர்ப்பு கூறுகிறது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாலவணியிலோ வேறிடத்திலோ மாற்று மனை வழங்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவைக்கன்றி அகற்றலாகாது. மழை ஓய்ந்து 1985 அக்டோபர் 31 வரை எவரையும் வெளியேற்றலாகாது. கிடைத்த நிவாரணம் இவ்வளவே. மற்றவர்களை அகற்ற மாற்று இடம் முன் நிபந்தனை அன்று. உரிமை வென்றது, உரிமை கேட்டவர் தோற்றார் என்று சிலர் குறை கூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் தீர்ப்பின் மற்றொரு பகுதி, அலுவலர்களாகிய நமக்கு அதிகம் பயன்படுவது, பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆவது பிரிவு, ஆக்கிரமிப்புகளை ஆணையர் முன்னறிவிப்பின்றியே அகற்றலாம் என்றது. 'அகற்றலாம்' என்பதில் உள்ள 'லாம்' என்ற இரண்டெழுத்தை நீதிமன்றம் பற்றிக்கொண்டது. அது அதிகாரியின் விருப்புரிமையேயன்றிக் கட்டளையன்று. முன்னறிவிப்பு கொடுப்பதே விதி, கொடுக்காமல் விடுவது விதிவிலக்கு, அவ்விலக்குக்குத் தக்க காரணம் வேண்டும் என்றது. சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்கு முன்னறிவிப்பு எதற்கு என்று மாநகராட்சி வாதிட்டது. முடிவு எதுவாயினும், தன்னைப் பாதிக்கும் செயலைப் பற்றித் தன்னிடம் பேசப்படுவதே மனிதனுக்குரிய மதிப்பு என்பது நீதிமன்றத்தின் விடை. என் கருத்தில் 21-ஆவது ஷரத்து நடைபாதையை வந்தடைந்த இடம் இதுதான். தீர்ப்பு தில்லியில் எழுதப்படுகிறது. அது கடைப்பிடிக்கப்படுவதும் மீறப்படுவதும் வார்டு அலுவலகத்தில்.

தாதர் ரயில் நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இதன் தொடர்ச்சி நன்கு தெரியும். ஓல்கா டெல்லிஸ் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னர், பம்பாய் தெரு வியாபாரிகள் சங்கத்தின் வழக்கில், வியாபாரம் செய்யக்கூடிய பகுதி, கூடாத பகுதி என்று வகுக்குமாறு நீதிமன்றம் கூறியிருந்தது. 1989-இல் சோதன் சிங் வழக்கில் தெருவில் விற்பது தொழில் செய்யும் உரிமையில் அடங்கும் என்றது. ஆனால் வாணிபம் சிறிதாயினும் பெரிதாயினும் 21-ஆவது ஷரத்தின் கீழ் வராது என்று சற்றே பின்வாங்கியது. விரிந்த ஷரத்து எங்கும் ஒரே சீராக விரிந்துவிடவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. 2003-இல் ரயில் நிலையங்களிலிருந்து 150 மீட்டருக்குள் விற்கலாகாது என்ற நிபந்தனை வந்தது. 2010-இல், தீர்ப்புகளால் மட்டும் இதை ஒழுங்குபடுத்த இயலாது, சட்டம் இயற்றுக என்று அரசுக்குக் காலக்கெடு விதித்தது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இல்தான் நிறைவேறியது. கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ், பத்தில் நான்கு உறுப்பினர் வியாபாரிகளாக உள்ள நகரக் குழு, வெளியேற்றுமுன் முப்பது நாள் முன்னறிவிப்பு ஆகியவற்றை அது விதிக்கிறது. 1985-இல் நீதிபதிகள் ஒரு சொல்லிலிருந்து வருவித்ததை நாடாளுமன்றம் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்தது.

நடப்பவரின் உரிமையும் உயிர் பற்றியதே. 2017 செப்டம்பர் 29 அன்று, அப்போது எல்பின்ஸ்டன் ரோடு எனப்பட்ட பிரபாதேவி நிலைய நடைமேம்பாலத்தில், தாதருக்கு மிக அருகில், நெரிசலில் 23 பேர் மாண்டனர். அதன்பின் அதே ஆண்டு நவம்பரில் நிலையங்களின் 150 மீட்டர் எல்லைக்குள் விற்கலாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. எல்லைக்கோட்டை அளந்துவிடலாம். அதற்கு அப்பால் எவருக்கு எங்கே இடம் என்பதைச் சட்டம் நகரக் குழுவிடமும் கணக்கெடுப்பிடமும் ஒப்படைத்திருக்கிறது. அப்பட்டியலைத் தயாரிக்கும் பணி இந்த அவையில் உள்ள சிலரது மேசைக்கே வரக்கூடும்.