தக்கது எது?

“தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, சேர். அது பரம்பரை. டார்வினே சொல்லியிருக்கிறாரே!” யட்டியாந்தோட்டைத் தேநீர்க் கடையொன்றில் படித்த ஒருவர் என்னிடம் இவ்வாறு கூறினார். நான் தமிழாசிரியன், விஞ்ஞானியல்லன். ஆயினும், வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது என்பதால் பேசத் துணிகிறேன்.

டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தபோது ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடர் அதில் இருக்கவில்லை. 1864இல் அதனை ஆக்கியவர் ஹேர்பேர்ட் ஸ்பென்சர் என்னும் தத்துவாசிரியர். 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே டார்வின் அதனை எடுத்தாண்டார். அங்கே ‘தக்கது’ என்பது சூழலுக்குப் பொருந்துவது. வலியது என்றோ உயர்ந்தது என்றோ பொருளில்லை. சூழல் மாறினால் தகுதியும் மாறும். ஆனால், இக்கருத்தைச் சமூகத்தின்மேல் ஏற்றியோர், ஏழை தாழ்ந்திருப்பது இயற்கையின் தீர்ப்பு என்றனர்.

அதே 1869இல்தான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் பதிவாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி தன் முதலிடத்தை இழந்தது. மலை மலையாக ஒரே பயிரை நட்டிருந்தமை நோய்க்குப் பாதை திறந்துவிட்டது. பின்னர் தேயிலை வந்தது. களனிப் பள்ளத்தாக்கில் இறப்பரும் வந்தது. கோப்பி வீழ்ந்த கதையில் செடியைப் பற்றி மட்டுமா கேட்கிறோம்? நட்ட முறையையும் கேட்கிறோம் அல்லவா?

மனிதருக்கும் அக்கேள்வி பொருந்தும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோருக்கு வழி செய்த சட்டம் வந்தது 2003இல். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி.

அதன்பின் நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். கொழுந்து பறித்த தாயின் மகள் ஆசிரியையானாள். பால் வெட்டிய தந்தையின் மகன் பட்டதாரியானான். ஒரு தலைமுறைக்குள் பரம்பரை மாறிவிடுமா? மாறாது. பாடசாலை மாறியது; ஆசிரியர் வந்தனர்; லயக் காம்பராவுக்கு வெளியே ஒரு வழி தெரிந்தது.

தேநீர்க் கடை நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். பிள்ளைகளை அளப்பதற்கு முன் அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் சூழலை அளப்போம். அதை ஆக்கியவர் மனிதர். ஆகவே மனிதரால் அதனைத் திருத்தவும் முடியும்.